லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆன பிறகு வண்டி ஓட்டினால்: முதன்முறை சிக்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அத்தை மகன் ‘குட்டி யானை’ என்கிற சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறான். வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடும் வேலை. ஒரு நாள் சிக்னலில் போன் பேசிக்கொண்டே வண்டியை நகர்த்தியிருக்கிறான். போக்குவரத்துக் காவலர் நிறுத்தி, லைசென்ஸை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். அந்த ரசீதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பதினெட்டு நாள் வண்டி ஓட்டினான். “லைசென்ஸ் இல்லாமல் எப்படி ஓட்டுகிறாய்?” என்று கேட்டால், “அதற்குத்தானே ரசீது கொடுத்திருக்கிறார்கள்” என்பான். ரசீதின் ஓரத்தில் எந்தச் சட்டப் பிரிவு எழுதியிருக்கிறது என்று அவனும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவர் வேறு வேலையாக வீட்டுக்கு வந்தபோது ரசீதை வாங்கிப் பார்த்தார். “இதை வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம், ஓட்டக் கூடாது” என்றார்.

அந்தப் பதினெட்டு நாளில் அவன் யார் மீதும் மோதவில்லை. அது அவன் அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அது வாய்க்கும் என்று நம்ப முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தையும், அதில் 2019-இல் வந்த திருத்தங்களையும் ஒட்டியது. இந்தியா முழுவதற்கும் பொது.

முதல் படி: கையில் இருக்கும் ரசீதைப் படியுங்கள்

காவலர் லைசென்ஸை வாங்கிக்கொண்டு கொடுக்கும் ரசீது பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கலாம். சட்டத்தில் அது இரண்டு வகை. இரண்டும் 206-ஆம் பிரிவிலேயே வருகின்றன என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

206-இன் மூன்றாம் உட்பிரிவின்படி கொடுக்கப்படும் ரசீது, லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் வரையிலோ ரசீதில் குறித்த தேதி வரையிலோ, எது முதலில் வருகிறதோ அதுவரை உங்களை ஓட்ட அனுமதிக்கிறது. காலம் காலமாக ஓட்டுநர்களுக்குப் பழக்கமான ரசீது இதுதான். “ரசீது இருந்தால் போதும்” என்ற நம்பிக்கை இதிலிருந்து பிறந்தது.

நான்காம் உட்பிரிவு 2019-இல் சேர்க்கப்பட்டது. அதன் கீழ் லைசென்ஸ் கைப்பற்றப்பட்டால், அங்கேயும் ரசீது தர வேண்டும். ஆனால் லைசென்ஸ் திரும்பி வரும் வரை அந்த ரசீது ஓட்டும் உரிமையைத் தராது என்று சட்டமே சொல்லிவிடுகிறது. எந்தெந்தக் குற்றங்களுக்கு இந்த ரசீது? அதிவேகம் (183), ஆபத்தான முறையில் ஓட்டுதல் (184), குடித்துவிட்டு ஓட்டுதல் (185), சாலையில் பந்தயம் விடுதல் (189), பழுதான அல்லது புகை, ஒலி வரம்பை மீறிய வண்டி (190), இருசக்கர வண்டியில் மூன்று பேர் (194சி), தலைக்கவசம் இல்லாமை (194டி), ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகளுக்கு வழிவிடாமை (194ஈ). சிவப்பு விளக்கைத் தாண்டுவதும், ஓட்டிக்கொண்டே கைபேசியைப் பிடித்துப் பேசுவதும் 184-இல் அடக்கம். என் அத்தை மகன் வைத்திருந்தது இந்த இரண்டாம் வகை ரசீது.

தலைக்கவசம் இல்லாததற்கு 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதத் தகுதி நீக்கமும் (அந்தக் காலத்துக்கு லைசென்ஸ் வைத்திருக்கவோ வாங்கவோ தடை; பேச்சுவழக்கில் ‘சஸ்பெண்ட்’) சட்டத்தில் இருக்கிறது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. தெருவில் நடப்பது பெரும்பாலும் அபராதத்தோடு முடிந்துவிடுவதால் வந்த அவநம்பிக்கை. பிரிவு அப்படியேதான் இருக்கிறது. என்றைக்காவது ஒரு அதிகாரி அதை முழுதாகப் பயன்படுத்தினால், “இதுவரை யாருக்கும் செய்யவில்லையே” என்ற வாதம் எடுபடாது.

இரண்டாம் படி: காவலர் எடுத்தார் என்றால் சஸ்பெண்ட் ஆகிவிட்டது என்று பொருளல்ல

இதையும் பலர் கலந்துகொள்கிறார்கள். காவல்துறை லைசென்ஸைக் கைப்பற்றலாம், மேலே அனுப்பலாம். தகுதி நீக்கம் செய்யும் அதிகாரம் உரிமம் வழங்கும் அலுவலருக்கு, அதாவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு, அல்லது நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. 2022-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. காவலர் சாலையோரத்தில் நின்று, “உன் லைசென்ஸ் மூன்று மாதத்துக்கு சஸ்பெண்ட்” என்று அறிவித்தால் அது சட்டப்படியான உத்தரவாகாது.

ஆர்.டி.ஓ. அலுவலகம் 19-ஆம் பிரிவின்படி முதலில் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். காரணங்களை எழுதி உத்தரவிட வேண்டும். நீதிமன்றம் தண்டனை கொடுக்கும்போது 20-ஆம் பிரிவின்படி கூடவே தகுதி நீக்கமும் செய்யலாம். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, அது உத்தரவே இல்லாமல் நிகழ்வது. ஆபத்தாக ஓட்டியதற்காக ஏற்கெனவே தண்டனை பெற்ற ஒருவர் மீது, மறுபடி அப்படி ஓட்டி உயிரிழப்பையோ கொடுங்காயத்தையோ ஏற்படுத்தியதாக வழக்குப் பதிவானால், பதிவான நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு அவருடைய உரிமம் 21-ஆம் பிரிவின்படி தானாகவே நிறுத்தப்படுகிறது. இடையில் விடுதலையானால் நிறுத்தமும் அன்றோடு முடிந்துவிடும்.

மூன்றாம் படி: நோட்டீஸ் வந்தால் போய்விடுங்கள்

நோட்டீஸ் உரிமத்தில் உள்ள முகவரிக்குத்தான் போகும். வாடகை வீடு மாறியவர்கள் முகவரியை மாற்றாமல் விட்டால், பழைய வீட்டுக் கதவில் தபால்காரர் தட்டிவிட்டுப் போவார். நீங்கள் கேட்காத விசாரணை உங்கள் பெயரில் நடந்து முடிந்துவிடும். கைப்பற்றப்பட்ட அன்றே உரிமத்தில் பதிவான முகவரியும் கைபேசி எண்ணும் சரியானவைதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

விசாரணைக்குப் போகும்போது மனதில் வைக்க வேண்டியது ஒன்று. காவல்துறை 206(4)-இல் அனுப்பிய வழக்கு என்றால், அலுவலர் முன்னால் பெரும்பாலும் இரண்டே வழிகள்தான்: உங்களை விடுவிப்பது, அல்லது முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்வது. இரண்டாம் முறை என்றால் உரிமமே ரத்து. எனவே “ஒரு மாதமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று கெஞ்சுவதில் பெரிய பயன் இல்லை. குற்றமே நடக்கவில்லை என்பதற்கு ஏதாவது இருந்தால் (வண்டியை ஓட்டியது வேறொருவர், சலானில் உள்ள எண் உங்கள் வண்டியுடையது அல்ல, போன் ஸ்டாண்டில் வழிகாட்டும் வரைபடம்தான் ஓடிக்கொண்டிருந்தது) அதை எழுத்தில் கொடுங்கள். ‘பிழைப்பு போய்விடும்’ என்பதையும் எழுதலாம். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

மூன்று மாதம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு அனுப்பிய உத்தரவில், அதிவேகம், சிவப்பு விளக்கு மீறல், சரக்கு வண்டியில் அளவுக்கு மீறிய சுமை, சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது, குடிபோதை, கைபேசி ஆகிய ஆறு குற்றங்களுக்கும் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தச் சொன்னது. தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 2019 திருத்தம் அதே மூன்று மாதத்தைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது.

உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால், அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டு மனு போட்டுவிட்டதாலேயே ஓட்டத் தொடங்கிவிடாதீர்கள். அந்த உத்தரவுக்குத் தடையாணை கையில் வந்தால்தான் ஸ்டியரிங்கைத் தொடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

நான்காம் படி: உத்தரவு வந்தபின் அட்டையை மறந்துவிடுங்கள்

உத்தரவு பிறந்த நொடியிலிருந்து உங்கள் உரிமம் அந்தக் காலத்துக்குச் செயலற்றதாகிவிடுகிறது. இது 23-ஆம் பிரிவு. பிளாஸ்டிக் அட்டை பர்ஸில் பளபளவென்று இருக்கலாம், அதில் 2034 வரை செல்லும் என்று அச்சடித்திருக்கலாம். செல்லாது. அட்டை உங்களிடமே இருந்தால் உடனே ஒப்படைக்க வேண்டிய கடமையும் உங்களுடையது.

“டிஜிலாக்கரில் நகல் இருக்கிறதே, காட்டினால் யாருக்குத் தெரியும்?” என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். 2020 அக்டோபர் 1 முதல், தகுதி நீக்கமான, ரத்தான உரிமங்களின் விவரத்தை இணையதளத்தில் தேதி வரிசைப்படி பதிவு செய்ய வேண்டும் என்று மைய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. நிறுத்தும் அதிகாரி எண்ணைத் தட்டினால் நிலை தெரிந்துவிடும். உங்களுக்கும் அதே வசதி உண்டு: மத்திய அரசின் போக்குவரத்துச் சேவை இணையதளமான பரிவாகன் தளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் உரிமத்தின் தற்போதைய நிலை வரும். சந்தேகம் இருக்கும் எவரும் இதை இன்றே செய்யலாம், ஒரு பைசா செலவில்லை.

அட்டை தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்து டூப்ளிகேட் வாங்குவது, பக்கத்து மாநிலத்தில் உறவினர் முகவரியில் புதிதாக எடுப்பது ஆகிய யோசனைகளை ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் யாராவது சொல்லித் தருவார்கள். தகுதி நீக்கக் காலத்தில் லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பதே தனிக் குற்றம். ஓட்டுவதற்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. அப்படி வாங்கிய உரிமமும் செல்லாது.

ஐந்தாம் படி: ஓட்டினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

182-ஆம் பிரிவு: தகுதி நீக்கம் செய்யப்பட்டவர் பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019-க்கு முன் இதே குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். உரிமமே எடுக்காமல் ஓட்டுகிறவருக்கு 181-ஆம் பிரிவில் 5,000 ரூபாய். லைசென்ஸ் எடுக்காதவனைவிட, நிறுத்தி வைத்த பிறகும் ஓட்டுகிறவனைச் சட்டம் இரண்டு மடங்கு கடுமையாகப் பார்க்கிறது. முன்னவனுக்குச் சோம்பல் என்று சொல்லலாம், பின்னவன் தெரிந்தே மீறுகிறான் என்பது அதன் எண்ணம். எனக்கு இதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உத்தரவு வந்ததைக் கவனிக்காமல், தெரியாமலே ஓட்டுகிறவர்களும் அதே தட்டில் வைக்கப்படலாம் என்பது உறுத்துகிறது.

இதோடு 207-ஆம் பிரிவின்படி வண்டியையே பிடித்து வைக்கலாம். சரக்கு வண்டி என்றால் உள்ளே இருக்கும் சரக்கின் நிலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி உங்களுடையது அல்ல என்றால் உரிமையாளருக்கும் தலைவலி. செல்லுபடியான உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதித்ததற்கு 180-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். முதலாளியிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து மறைக்கும் ஓட்டுநர்களை எனக்குத் தெரியும். பயம் நியாயமானது. மறைத்தபின் பிடிபட்டால் வேலையும் போகும், முதலாளியின் வழக்கும் உங்களால் வந்ததாகிவிடும்.

இனி காப்பீடு. மேலே சொன்ன 10,000 ரூபாயெல்லாம் இதன் முன் சில்லறை.

உங்கள் வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து ‘ஓட்டுநர் நிபந்தனை’ என்ற பத்தியைத் தேடுங்கள். விபத்தின்போது ஓட்டுகிறவர் செல்லுபடியான உரிமம் வைத்திருக்க வேண்டும், உரிமம் வைத்திருப்பதிலிருந்து தகுதி நீக்கம் செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது என்று அதில் இருக்கும். கூட்டிக் கழித்தால்: உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாய் கிடைக்காது. 2018 முதல் உரிமையாளர்-ஓட்டுநருக்கென்று இருக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் செல்லுபடியான உரிமத்தைக் கேட்கிறது. நீங்களே இறந்துபோனால் உங்கள் வீட்டுக்கு அந்தத் தொகை வருவது சந்தேகம்தான்.

அடிபட்டது வேறொருவர் என்றால்? அவருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்பதில் நீதிமன்றங்கள் உறுதியாக இருக்கின்றன. அதனால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். ‘கொடுத்து வசூல்’ என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் இலக்கணத்தை வகுத்தது. ஓட்டுநருக்கு உரிமம் இல்லை என்று காட்டினால் மட்டும் நிறுவனம் தப்ப முடியாது. உரிமையாளர் தெரிந்தோ அலட்சியமாகவோ நிபந்தனையை மீறினார் என்று நிரூபிக்க வேண்டும். உரிமையாளரே ஓட்டுநர், அவருடைய லைசென்ஸே சஸ்பெண்ட் என்றால் அதை நிரூபிப்பது அப்படியொன்றும் கடினமல்ல. குடும்பத் தலைவர் ஒருவர் இறந்த வழக்கில் தீர்ப்பாயம் 20 லட்சம் விதிப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 20 லட்சமும் வட்டியும் உங்கள் வீட்டின் மீதும் நிலத்தின் மீதும் வந்து நிற்கும்.

மரணம் நேர்ந்தால் குற்ற வழக்கு தனி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 106(1) பிரிவின்படி அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. லைசென்ஸ் நிறுத்தத்தில் இருந்தது என்பதாலேயே அலட்சியம் நிரூபணமாகிவிடாது. ஆனால் நீதிபதி முன் நிற்கும்போது அது உங்களுக்கு உதவவும் போவதில்லை.

ஆறாம் படி: ஏற்கெனவே பிடிபட்டுவிட்டால்

பொய் சொல்லாதீர்கள். பழைய நகலைக் காட்டுவது, அண்ணன் லைசென்ஸை நீட்டுவது எல்லாம் இருக்கும் வழக்கோடு இன்னொன்றைச் சேர்க்கும். வண்டியை எடுத்துப் போக உரிமம் உள்ள ஒருவரைப் போனில் கூப்பிடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்தையும் வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். பிரிவு எண் 181-ஆ 182-ஆ என்று பாருங்கள். தகுதி நீக்க உத்தரவே உங்களுக்கு வந்து சேரவில்லை என்றால் அதுதான் உங்கள் முக்கியமான வாதம். அந்த நிலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டி முடிக்கும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். உத்தரவு வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கியும் ஓட்டினீர்கள் என்றால் வாதத்துக்கு இடம் குறைவு.

ஏழாம் படி: மூன்று மாதம் முடிந்த மறுநாள்

இங்கேதான் நல்ல பிள்ளைகளும் சறுக்குகிறார்கள். தொண்ணூறு நாள் பொறுமையாக பஸ்ஸில் போனவர், தொண்ணூற்றோராம் நாள் காலை வண்டியைக் கிளப்பிவிடுகிறார். நாட்கள் முடிந்துவிட்டதாலேயே உரிமம் உங்கள் கைக்குத் திரும்பிவிடாது. 19-ஆம் பிரிவில் 2019-இல் சேர்த்த உட்பிரிவின்படி, ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் அட்டை திருப்பித் தரப்படும். அந்தப் பயிற்சியை அரசு உரிமம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் முடிக்க வேண்டும். காலம் முடியும் வரை காத்திருக்காமல், இரண்டாம் மாதத்திலேயே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எந்த நிலையத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டு முடித்துவிடுங்கள். சான்றிதழைக் கொடுத்து, அட்டையை வாங்கி, பரிவாகன் தளத்தில் நிலை மாறிவிட்டதா என்று பார்த்த பிறகு சாவியைத் தொடுங்கள்.

நீதிமன்றம் நீண்ட காலத் தகுதி நீக்கம் விதித்திருந்தால், உத்தரவு தேதியிலிருந்து ஆறு மாதம் கழித்து அதை நீக்கும்படி அதே நீதிமன்றத்தில் மனு செய்யலாம். அது தள்ளுபடியானால் அடுத்த மனுவுக்கு இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

இடைக்காலத்தில் வண்டி சும்மா நிற்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்றால், அத்தை மகனின் மச்சானை ஓட்ட வைத்தோம். அவனிடம் இருந்தது சாதாரண கார் லைசென்ஸ். சரக்கு வண்டிக்கு அது போதுமா என்ற சந்தேகத்தை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே தீர்த்து வைத்துவிட்டது: இலகுரக மோட்டார் வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம். குட்டி யானை அந்த எடைக்கு வெகு கீழே. மூன்று மாதமும் மச்சான் ஓட்டினான். இவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கேன் எண்ணினான், போனையும் இவன்தான் எடுத்தான்.